வெற்று அட்டை

வால்திவியாவிலிருந்து நியேப்லாவுக்குப் பேருந்து.
மடியில் சாப்பாட்டு டப்பா. அதற்குள்
டேப் சுற்றி ஒட்டிய நான்கு வட்டத் தட்டுகள்.
"சீஸா?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.
ஆமாம் என்றேன்.
கிருமி என்று சொல்லியிருந்தால்
நான்கு நிறுத்தம் முன்னாலேயே இறங்கியிருப்பார்.

மூன்றாம் வகுப்பு. தகரக் கூரையில் மழை.
தெற்குச் சிலியில் மழைக்கு லீவு விட்டால்
பள்ளிக்கூடமே நடக்காது.
விறகு அடுப்பைச் சுற்றி
இருபத்திரண்டு பேரின் ஈரக் கையுறைகள்.
ஒயார்சூன் டீச்சர் கரும்பலகையில் பாதியைத் தந்தார்.
மறுபாதியில் ஏழாம் வாய்ப்பாடு,
அழிக்கக் கூடாதாம்.

பாஸ்தியான் துணிக்கிளிப்புகளைக் கொட்டினான்.
நான்கு நிறம், நான்கே எழுத்து.
உயிரும் இதில்தான் மெய்யும் இதில்தான் என்றேன்.
ஒருவரும் அசரவில்லை.
"எங்க அம்மாகிட்ட ஊதாவும் இருக்கு"
என்றாள் மியாராய்.
ஐந்தாவதாக ஓர் எழுத்தைச் சேர்க்க
பெரிய பெரிய ஆய்வகங்கள் தலைகீழாக நிற்பதை
அவளிடம் சொல்லவில்லை.

பிறகு அட்டைகள்:
தொடங்கு. ஒளிர். நிறுத்து.
அடுக்கினால் ஒரு கட்டளை.
கிருமி அதை வாசித்து, சொன்னதைச் செய்யும்.
அந்தோனியா நிறுத்து வைக்க மறந்தாள்.
"இப்ப என்ன ஆகும்?"
உன்னை மாதிரிதான், என்றார் டீச்சர்,
பேசிக்கொண்டே போகும்.

கடைசி மேசையில் நெவேன்,
ஸ்வெட்டர் கையில் மீன்செதில்.
அவன் வரிசையில் நிறுத்து இரண்டு.
ஒன்று போதுமே என்று குனிந்தேன்.
"அப்பா படகுல ரெண்டு நங்கூரம்.
ஒண்ணு இழுத்துக்கிட்டுப் போயிட்டா?"

நிமிர்ந்து பாஸ்தியானைப் பார்த்தேன்.
எங்கள் ஆய்வகத்திலும் இரண்டுதான் வைக்கிறோம்.
அதைக் கற்றுக்கொள்ள எனக்கு
ஒரு பட்டமும்
ஒன்றரை வருடம் பாழாய்ப்போன சோதனைகளும்
தேவைப்பட்டன.

ஜன்னல்களில் மழைக்கோட்டுகளை மாட்டி
அறையை இருட்டாக்கினோம்.
நீல டார்ச். கண்ணுக்கு முன் ஆரஞ்சுத் தாள்.
ஜெல்லிமீனிடம் வாங்கிய பச்சை
தட்டில் கோடு கோடாக எரிந்தது.
இருபத்திரண்டு பேரும் வாயடைத்தார்கள்,
அந்தோனியா உட்பட.

இருட்டிலிருந்து நெவேன்:
"சாயங்காலம் இதெல்லாம் எங்க போகும்?"

பேருந்தில் சொன்ன பொய்க்குத் தம்பி ஒன்று
நாக்கு நுனியில் தயாராக இருந்தது.
எட்டு வயதிடம் எடுபட்டிருக்கும்.
ப்ளீச் ஊற்றுவோம், என்றேன். பத்து நிமிடம்.
"செத்துப்போயிடுமா?"
ம்.
"எல்லாமேவா?"
எல்லாம். வெளியே போகக் கூடாது, அதுதான் விதி.
"அதுக்குத் தெரியுமா?"
தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
எனக்குத் தெரியாது என்று
வந்து விழுந்தது.

யாரோ மழைக்கோட்டை இழுத்தார்கள். வெளிச்சம்.
மணி அடித்தது. தன் கையுறை எது, பிறர் கையுறை எது
என்று ஒரே ரகளை.
பாஸ்தியான் கிளிப்புகளைப் பொறுக்கினான்.
ஏழு குறைந்தது.

கடைசி மேசையில் அட்டை வரிசை கலையாமல் இருந்தது.
தொடங்கு. ஒளிர். நிறுத்து. நிறுத்து.
அதற்கும் அப்பால், மிச்சமிருந்த வெற்று அட்டையில்
ஒரு படகு வரைந்து, கீழே கோணல் எழுத்தில்:
வீட்டுக்குப் போ.

இரண்டு நிறுத்தைத் தாண்டி வைத்ததை
எந்தக் கிருமியும் வாசிக்காது.
திருத்தவில்லை.
எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு ஆய்வகம்.
டேப்பைப் பிரித்தேன், ஊற்றினேன்.
டார்ச்சின் கீழ் பச்சை, விளிம்பிலிருந்து அவிந்தது.
கடிகாரம் பத்து நிமிடம் என்றது.
நான் இன்னும் கொஞ்சம் நின்றேன்.

பிறகு அடுத்த வெள்ளிக்கான பட்டியல்:
டார்ச்சுக்கு பேட்டரி.
கிளிப்பு, ஊதா, ஒரு டஜன்.
வெற்று அட்டை, இருபத்திரண்டு.