அந்த நாலு

மார்த்தாண்டத்தில் என் திரையில்
அணியம் தொட்டு அமரம் வரை
கை எடுக்காத ஒரே கோடு.

குளச்சலில் லிகோரியார் திறந்தபோது
நூற்றுப் பன்னிரண்டு நேர்க்கோடுகள்.
"பிள்ளே, இது வள்ளமா?
கருக்கு சீவின மாதிரில்லா இருக்கு."
ஒவ்வொரு முட்டிலும் வெட்டுமுனை ஒரு கணம் நின்று
பிளைவுட்டில் கரிப்பொட்டு வைத்ததாம்.

பிழை எல்லையைக் குறுக்கினேன்.
கோடுகள் நாலாயிரம் ஆயின.
இயந்திரம் தந்தியடித்துக்கொண்டே நகர்ந்தது.
பழைய பதிப்பில் சேமித்தேன்:
வளைவே போய்ச் சேரவில்லை,
வெறும் சட்டகம்.

பிறகு கோப்பை மூடிவிட்டுப் போனை எடுத்தேன்.
படி மூன்று. புள்ளிகள் பதினான்கு.
முதலும் கடைசியும்தான் கோட்டைத் தொடும்,
மற்றதெல்லாம்
கரமடி இழுப்பவர்கள் போல
தள்ளி நின்று வளைப்பவை.
அவர் பக்கம் தகரக்கூரையில் மழை.
"ஒன்பதாவது, அறுபத்தாறா எழுபத்தாறா?"
"அறுபத்தாறு. ஆறு, ஆறு."

அவர் வரைந்து அனுப்பியதை
என்னுடையதன் மேல் வைத்துப் பெரிதாக்கினேன்.
ஒரே கோடு.
இன்னும் பெரிதாக்கினேன்.
ஒன்பதாவது புள்ளிக்கு நேரே
மயிரிழை வெளிச்சம்.

அறுபத்தாறு புள்ளி நாலு.
அந்த நாலை
விழுங்கியது நான்தான்.

இரவு பத்தேகால். கூப்பிட்டேன்.
"மில்லியில நாலு பாயின்டா?
மேல பூசுத ரெசின் அத விடக் கனம்.
பெறவு உப்புத்தண்ணி இருக்கு,
பாறை இருக்கு."
தாள் புரளும் சத்தம்.
"சரி, சொல்லு. எழுதிக்கிடுதேன்."