தரிசு விட்ட கடல்

கடலடியிலிருந்து வரும் சேற்றை
முதலில் முகர்ந்துதான் பார்க்கிறேன்.
மீட்டர் பிறகு.
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு:
வாடை இல்லை, இலேசாக, கடுமையாக.

சிலோயே தீவின் கிழக்கே
குன்றுகள் இரண்டு கையால் பொத்திவைத்த சின்னக் குடா.
அலை அதிகம் நுழையாது.
கூண்டு கட்ட நல்லது அது,
கழிவு போகக் கெட்டது.
பதினான்கு கூண்டுகள்.
உள்ளே சால்மன்கள்
எல்லாம் ஒரே பக்கமாய்ச் சுற்றிக்கொண்டிருக்கும்.

மிதவை அறையில் என் தம்பி எலியேசர்.
நான்கு திரைகள், ஒரு விசைப்பிடி.
காமிரா காட்டும் வாய்களைப் பார்த்து
குழாய் வழியே தீனி ஊதுகிறான்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்;
அவன் கடலில் அளந்துதான் போடுகிறான்.
ஆனாலும் நூறு உருண்டைக்கு மூன்று
வாய் தப்பிக் கீழே போகும்.
தின்ற தொண்ணூற்றேழும்
வேறு உருவில் பின்னாலேயே போகும்.
மேலே அவன் தூவியதைக்
கீழேயிருந்து எடுத்து வருவது
என் பிழைப்பு.

மார்ச்சில்
இரும்புக் கவ்வி வாய் பிளந்து இறங்கி
வாய் மூடி ஏறியது.
தட்டில் கொட்டினேன்.
கறுப்பு.
கரியின் கறுப்பல்ல,
பளபளப்பான, கூழான கறுப்பு.
மேலே பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் வெள்ளைப் படலம்.
அழுகிய முட்டை நாற்றம்.
வெள்ளி மோதிரம் சாயங்காலத்துக்குள் மங்கிப்போனது.
சல்லடையில் மிஞ்சியது ஒரே இனம்:
நூல் மாதிரிச் சிவப்புப் புழு,
எண்ண எண்ண இருநூற்றுப் பதினொன்று.
மூச்சில்லாத சேற்றிலும்
குடித்தனம் நடத்தும் பேர்வழி.
வேறு யாரும் இல்லை.
ஒரு கிளிஞ்சல் இல்லை.

படகோட்டி வால்தெமார் வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்:
"நாற்பது மீட்டர் தள்ளிப்போனால்
நல்ல மணல் இருக்கிறது."
அவர் மருமகள் பதனிடும் ஆலையில் வேலை.
நான் மூன்றாவது கட்டத்தில் குறியிட்டேன்.
அவர் மோட்டாரை இரண்டு முறை இழுத்தார்,
மூன்றாவதில் பிடித்தது.

அன்றிரவு உருளைக்கிழங்கு சூப்.
தம்பி உப்பைக் கேட்டான், கொடுத்தேன்.
கிண்ணம் காலியான பிறகு
"எத்தனை மாதம்?" என்றான்.
"சேறு சொல்ல வேண்டும்."

வயலைத் தரிசு விடுவது
இங்கே எல்லோருக்கும் தெரியும்.
உருளை தோண்டிய நிலம்
இரண்டு வருடம் புல்லோடு கிடக்கும்,
ஆடு மேயும், யாரும் ஏசமாட்டார்கள்.
கடலைத் தரிசு விட்டால்
கடன்காரன் கதவைத் தட்டுகிறான்.

கூண்டுகளை இழுத்துப் போனார்கள்.
எலியேசரை
தெற்கே பதினொரு மணிநேரப் படகுத் தூரத்தில்
வேறொரு மிதவைக்கு மாற்றினார்கள்.
போகும்போது என் கம்பளிக் காலுறையைப்
போட்டுக்கொண்டு போய்விட்டான்.

நவம்பர்.
வெறும் நீர். நங்கூர மிதவைகள் மட்டும்.
கவ்வி ஏறியது.
மேலே ஒரு பழுப்பு,
ரொட்டியின் மேல்தோல் அளவுக்கு.
விரலால் கீறினேன்,
கீழே கறுப்பு இருக்கத்தான் செய்தது.
முகர்ந்தேன்.
இன்னொரு முறை முகர்ந்தேன்.

சிவப்புப் புழு பத்தொன்பது.
அவற்றோடு நகக்கண் அளவில் ஒரு மட்டி,
பிறகு
ஒரு கை ஒடிந்த நொறுங்கு நட்சத்திரம்
மீதி நான்கு கையால்
தட்டின் விளிம்பைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

போன் அடித்தது.
அங்கே காற்று, இங்கேயும் காற்று.
"வாடை?"
"இலேசாக."
"இலேசாகவா, இல்லவே இல்லையா?"

இது பிழைத்தால் கூண்டுகள் வரும்.
கூண்டுகள் வந்தால் நீ வருவாய்.
நீ வந்தால் தூவுவாய்,
அளந்துதான் தூவுவாய்.

சாராயம் ஊற்றிய குடுவை
மூடி திறந்தபடி பக்கத்தில் இருந்தது.
நட்சத்திரம் விளிம்பைத் தொட்டுவிட்டது.
"சொல்லு," என்றான்.

"இன்னும் எண்ணி முடிக்கவில்லை," என்றேன்.