பதினாறு ஸ்பூன்

கேத்தியில் கேரட் கழுவும் மெஷின்
இரவு இரண்டுக்கு ஓயும்.
தீ மூட்டி எல்லோரும்
நனைந்த சட்டையைக் கழற்றி உலர்த்துவார்கள்.
நான் சட்டைக்குள்ளேயே உலர்வேன்.

நெஞ்சின் நடுவில் குழி.
மல்லாந்து படுத்து
ஒருமுறை அளந்தே பார்த்தேன்:
பதினாறு ஸ்பூன் தண்ணீர்.

வெலிங்டன் ஆள் எடுப்பில்
நாடாவைச் சுற்றியவர்
"மூச்சை இழு" என்றார்.
இழுத்தேன்.
"இழு தம்பி" என்றார் மறுபடி.

கோயம்புத்தூர் ஸ்கேனில் என் குழிக்கு
ஓர் எண் கொடுத்தார்கள்: நாலு புள்ளி ஆறு.
மூன்றேகாலைத் தாண்டினால் ஆபரேஷனாம்.
எந்தப் பரீட்சையிலும்
இவ்வளவு தாண்டியதில்லை நான்.

டாக்டர் மெர்லின்
ஒரு கம்பியை மேஜையில் வைத்துக் காட்டினார்.
பக்கத்துக்கு ஒரு சின்ன வெட்டு,
எலும்புக்கும் இதயத்துக்கும் நடுவே நுழைத்து
ஒரு திருப்பு,
அவ்வளவுதான்.

அவ்வளவுதான் இல்லை.
தும்மல் வருமோ என்று
மிளகாய் தாளிக்கும் வீடுகளைத் தாண்டவே பயந்தேன்.
சிரிக்க வைத்தவர்களைச் சபித்தேன்.
மலை ஏறிய பஸ்ஸில்
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும்
விலா எலும்பை எண்ணிப் பார்த்தது.
பர்லியாறில் எல்லோரும் டீக்கு இறங்க
நான் கம்பியோடு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருஷம்.
தையில் உறைபனி விழும் விடியலில்
எனக்கு முன்னால் அதுதான் விழிக்கும்.

முதல் வருஷக் கடைசியில் ஒருநாள்
தீயருகே சட்டையைக் கழற்றினேன்.
காது இரண்டும் கொதித்தன.
ஹாலன் நிமிர்ந்து பார்த்து,
"தள்ளி உட்காரு,
புகை உன் பக்கம்தான் வருது" என்றான்.
அவ்வளவுதான்.
இந்த முறை நிஜமாகவே அவ்வளவுதான்.
யாருக்காக ஒளித்தேன் என்று
அழுகை வந்தது;
புகை என்று சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் கம்பியை எடுத்துவிட்டார்கள்.
கேட்டு வாங்கி வந்தேன்.
ஹாலன் அதைக் கேரட் தராசில் போட்டான்:
நூற்றுப் பதினெட்டு கிராம்.
"நல்ல முதல் ரகம்" என்று சொல்லி
அடுத்த மூட்டையை ஏற்றினான்.
மேட்டுப்பாளையம் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு
மல்லாந்து படுத்தேன்.
முதல் ஸ்பூன்
கொஞ்சம் தயங்கியது.
இரண்டாவது நிற்கவேயில்லை,
அக்குள் வழியாக ஓடிப்
பாயை நனைத்தது.

பதினாறும் ஊற்றினேன்.

காலையில் பாயை உதறிய அக்கா சுகந்தி
ஈரத்தைத் தொட்டுப் பார்த்து
ஓட்டைப் பார்த்தாள்,
எங்கே ஒழுகுகிறதென்று.