தைத்த புத்தகம்

ஆண்டர்சன் தெருவில், கல்யாணப் பத்திரிகை அட்டைகளுக்கு நடுவே
விமானி லாக்புக்கும் வைத்திருக்கிற கடை.
ஹபீபுல்லா மூன்றை எடுத்து மேசையில் போட்டார்,
புடவை விரிக்கிற மாதிரி.

முதலாவது வளையம் போட்டது.
தாள் போதவில்லையென்றால் சேர்த்துக்கொள்ளலாம்,
வேண்டாமென்றால் உருவிக்கொள்ளலாம்.
இரண்டாவதில் இருபத்திரண்டு கட்டங்கள்.
பகல், இரவு, தனியே, பயிற்றுநரோடு,
தலைமை விமானியாக, துணை விமானியாக,
ஹூட் மாட்டி, முள்ளை மட்டும் பார்த்துப் பறந்தது,
நிஜ மேகத்துக்குள் பறந்தது,
தரையைவிட்டு எழும்பாத சிமுலேட்டர்.
தண்ணீரில் இறங்கும் விமானத்துக்கும் ஒன்று இருந்தது.
"இதெல்லாம் ஓட்டுவீங்களா மேடம்?"
"எங்கே!"
"சும்மா கிடக்கட்டுமே, கட்டம்தானே."
மூன்றாவது நூலால் தைத்தது. பச்சை காலிகோ அட்டை.
கட்டங்கள் குறைவு,
குறிப்புக்கு மட்டும் கையகல இடம்.

பழையது என் பைக்குள் இருக்கிறது.
டிசம்பரில் பல்லாவரம் வீட்டில் முழங்கால் தண்ணீர்,
கட்டிலுக்கடியில் பெட்டி, பெட்டிக்குள் அது.
மைப்பேனாவில் எழுதியதெல்லாம் நீலக் குட்டை.
முதன்முதல் தனியாய் எழும்பிய இருபது நிமிடம்,
பக்கத்து இருக்கை காலியென்பதால்
விமானம் சட்டென்று மேலே போய் என்னைப் பயமுறுத்திய
அந்த இருபது நிமிடம்
இப்போது ஒரு கறை.

கரையாமல் நிற்பது ஒரே வரி.
அன்றைக்கு என் பேனா அடைத்துக்கொண்டது,
ரொனால்டின் பால்பாயிண்டை வாங்கி எழுதினேன்:
இரவு, தலைமை விமானி, 0.7.

அந்த இரவு சேலத்தில் மழை.
சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை
யாரும் எடுக்கவேயில்லை.
ஹேங்கரில் உட்கார்ந்து மிக்சர் தின்றோம்.
"நாளைக்கு எப்படியும் பறக்கத்தானே போறே, போட்டுக்கோ."
கையெழுத்தும் விழுந்தது.
மறுநாளும் மழை.

மற்றதைக் கிளப் பதிவேட்டைப் பார்த்து எழுதிவிடலாம்.
இதை எதைப் பார்த்து எழுத?
இதோடு இருநூறு புள்ளி மூன்று.
இது இல்லாமல் நூற்றுத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு.
கேட்பது இருநூறு.

ஹபீபுல்லா டீ சொல்லியிருந்தார்.
"எல்லாரும் வளையம் போட்டதுதான் வாங்கறாங்க மேடம்.
தப்பா எழுதிட்டா தாளை மாத்திக்கலாம் பாருங்க."
எல்லாரும் என்றால் யார் யார் என்று நான் கேட்கவில்லை.

தைத்ததின் முதுகை விரலால் அழுத்தினேன்.
எட்டுத் தாளுக்கு ஒரு முடிச்சு.
இங்கே ஒன்றைக் கிழித்தால்
எங்கோ பின்னால், இன்னும் எழுதாத ஒரு தாள்
கழன்று விழும்.
முந்நூற்று நாற்பது ரூபாய். நெட்வொர்க் இல்லை,
கைப்பையின் அடியில் நோட்டுத் தேடிக் கொடுத்தேன்.

கடற்கரை நிலையத்தில் ஏறி ஜன்னலோரம்.
கிண்டி தாண்டியதும் முதல் பக்கத்தில் பெயர்: ஜெ. சுகிர்தா.
ரயில் ஆட்டத்தில் சு கொஞ்சம் சரிந்துவிட்டது.
திரிசூலத்தில் வண்டி நின்றது.
சாலைக்கு அந்தப்புறம் ஒரு விமானம்
சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது.
யாருக்கோ நேரம் ஓடத் தொடங்கிவிட்டது.

பால்பாயிண்ட் வரி வரவேண்டிய வரிசையில்
தேதி எழுதினேன். கட்டங்களில் கோடு இழுத்தேன்.
கையகல இடத்தில் 'மழை'.

இருபத்து நான்கு நிமிடம் பாக்கி.
கோட்டையிலிருந்து சைதாப்பேட்டை வருகிற நேரம்.
அதற்கு எவ்வளவு கட்டணம் கேட்பார்களோ,
பல்லாவரம் வந்துவிட்டது, இறங்கவேண்டும்.