616.0-இல் யாரும் பேச வேண்டாம்

ஆவணி முகூர்த்தம், திருப்பரங்குன்றம்.
மலையடியில் முதுகோடு முதுகு ஒட்டி மூன்று மண்டபம்.
சுவருக்கு அந்தப் பக்கம் தாலி,
இந்தப் பக்கம் காதுகுத்து.
சாம்பார் வாசனைக்கு யாரும் பத்திரிகை வைப்பதில்லை,
மூன்று வீட்டுக்கும் போய்வந்துவிடும்.
மைக் மட்டும் வாசலோடு நிற்குமா?

அடுத்த மண்டபத்தில் காதர்பாட்சா. இரண்டு மைக்.
ஐயருக்கு 614.4, மொய் வாசிக்கிறவருக்கு 615.2.
என்னிடம் ஒன்றே ஒன்று, 616.0,
வாங்கி வந்த நாளிலிருந்து கை வைக்காதது.
மூன்றும் வேறு வேறு எண்.
அது போதும் என்றுதான் இருந்தேன்.

ஆசாரி ஊசியைத் துடைத்தார்.
பிள்ளை தூரத்து உறவில் ஒரு மாமன் மடியில்.
கூடப்பிறந்த மாமன்
அஞ்சு வருசமாய் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை,
ஒரு கிணற்றுப் பங்கு, அப்புறம் ஒரு வார்த்தை.
அழுகையை நாலு பாக்ஸிலும் கேட்பானேன் என்று
என் மைக்கை அணைத்தேன்.

ஒரு மூச்சு நேரம்.
பிறகு என் பாக்ஸ் தானாகப் பேசியது:
கருமாத்தூர் ஒச்சப்பன்
ஆயிரத்து ஒன்று.

குரல் இரண்டு மடங்கு தடித்து,
பின்னால் மந்திரம் அரைத்த மாவாய்.
எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள்.
மேடையில் வாய் திறந்திருந்தது பிள்ளை மட்டும்.
மொய் எழுதுகிற வாத்தியார்
கைப்பழக்கத்தில் பேரையும் தொகையையும் எழுதி
அடிக்கோடும் போட்டுவிட்டார்.
வனராணி, பிள்ளையின் அம்மா,
எழுந்து நின்றவள் உட்காரவில்லை.

நான் பின்வாசல் வழியே ஓடினேன்.

வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து
காதர்பாட்சா கணக்குப் போட்டுக் காட்டினான்:
மொய்யை இரட்டி, ஐயரைக் கழி.
ஆயிரத்து இருநூற்று முப்பது புள்ளி நாலு,
அதில் அறுநூற்றுப் பதினாலு புள்ளி நாலு போக
மிச்சம் நீ.
இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசினால்
யாருமே பேசாத இடத்தில் மூன்றாவதாய் ஒன்று எழும்பும்,
உன் ரிசீவருக்கு அது ஆள் மாதிரிதான்.
மூன்றாம் மண்டபத்து லூர்துராஜும் வந்தான்,
வாயில் பாதி வடை.
கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதினோம்.
நான் 619.7-க்கு நகர்ந்தேன்.
லூர்து 623.3.
613.6 காலி. 616.0 காலி.
தனித்தனியாய்ச் சோதித்தால் எல்லாம் சுத்தமாய்த்தான் இருக்கும் என்று
எல்லாரையும் ஒரே நேரத்தில் பேசவிட்டோம்,
ஐயர் நடுவில் நிறுத்தி முறைத்தார்,
ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டு.
அவரவர் குரல் அவரவர் கூரைக்குள்.

நான் திரும்பி வருமுன் ஊசி இறங்கியிருந்தது.
பிள்ளை கையில் அதிரசம்.

பந்தி முடிந்து பணம் எண்ணினார்கள்.
வாத்தியார் மூன்று தடவை எச்சில் தொட்டு எண்ணினார்,
நோட்டுக்கும் பைக்கும் ஆயிரத்து ஒன்று இடித்தது.
பேரைத் தேடிப் பிடித்துப் பேனாவைத் திறந்தார்,
அடித்துவிட.

வனராணி நோட்டின் மேல் கையை வைத்தாள்.
“இருக்கட்டும் சார். எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும்.”

வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.
பக்கத்து மண்டபத்தில் ஷாமியானா இறங்கிக்கொண்டிருந்தது,
வந்தவர்கள் வேன் ஏறிப் போய் ஒரு மணி நேரம்.
என்னிடம் வந்தாள்.
“அண்ணே, அந்தச் சத்தம்
இன்னொரு தடவை வருமா?”

“வராதும்மா” என்றேன்.
“சரி பண்ணிட்டேன்.”

தலையாட்டிவிட்டுப் போனாள்.

அந்தப் பத்திரிகை என் பெட்டி மூடிக்குள் ஒட்டியிருக்கிறது.
முன்பக்கம் யாரோ இரண்டு பேரின் பேர்,
பின்பக்கம் காதர்பாட்சாவின் கோழிக்கிறுக்கல்:
616.0
யாரும் பேச வேண்டாம்.