ஏழாம் கம்பம்

மார்கழி பதினொன்று. இருட்டுப் பிரியவில்லை.
தொண்டி போகும் பேருந்து
என்னையும் ஒரு மஞ்சள் பெயிண்ட் டப்பாவையும்
முக்கில் இறக்கிவிட்டுப் போனது.
தினக்கூலி. பதினாலு நாள் வேலை.
காரங்காட்டுக் கரையோரம்
வெளியூர் ஆட்கள் நடக்க ஒரு தடம் வேண்டுமாம்:
சவுக்குக் கம்பம் பன்னிரண்டு,
கம்பத்துக்கு ஓர் எண், ஓர் அம்புக்குறி.

எங்கள் குளிர் பெரிய குளிர் இல்லை.
காதைச் சுற்றி ஒரு துண்டு போதும்.
ஆனால் வாடை இருக்கிறதே, அது
பல்லிடுக்கில் மணல் வைத்துவிட்டுத்தான் பேசும்.
பெண்கடல் என்று பேர்;
இந்த இரண்டு மாசமும் யாரோடும் ஒத்துப்போகாது.
நிறம் கலங்கி, நுரை பழுத்து,
வள்ளத்தையெல்லாம் ஓடைக்குள் விரட்டிவிட்டுத்
தனியே நின்று கத்தும்.

ஒன்று, மாதா கோயில் சுவருக்கு அப்பால்.
நாய்கள் வந்து முகர்ந்து
உடனே காலைத் தூக்கி ஒப்பமிட்டன.
இரண்டும் மூன்றும் இராவணன் மீசைப் புல்லுக்குள்;
கெண்டைக்காலெல்லாம் கீறல்.
நாலு, உமிரி சிவந்து கிடக்கும் உப்புத் தரையில்.
ஐந்திலிருந்து காடு.

காடென்றால் அண்ணாந்து பார்க்கிற காடில்லை,
குனிந்து போகிற காடு.
அலையாத்தி இலையை நக்கினால் உப்பு.
சேற்றிலிருந்து விரல் விரலாய் வேர்
மேலே வந்து மூச்சு வாங்கும்.
அதை மிதிக்காமல் காலெடுத்து வைக்க
ஒரு கொக்கின் பின்னால் நடந்து பார்த்தேன்.
பாதியில் சலித்து அது பறந்துவிட்டது.

ஏழாம் கம்பத்தை
ஓடை வளையும் மேட்டில் ஊன்றினேன்.
நல்ல இடம்.
எதிர்த் திட்டில் பவளக்காலிகள்
பனி உறைகிற ஏதோ தேசத்திலிருந்து வந்து
ஒற்றைக்காலில் தூங்குவது அங்கிருந்து தெரியும்.
எவரும் படமெடுக்க ஆசைப்படுவார்கள்.

மறுநாள் போனால் ஏழு அங்கே இல்லை.
குழி மட்டும் இருந்தது,
அதில் தண்ணீரும் ஒரு பொடி நண்டும்.
கம்பம் இருநூறு அடி தள்ளி
உடைமரத்துக்குப் பக்கத்தில் நின்றது,
அம்புக்குறி நிலத்தைப் பார்க்க.
பிடுங்கித் திரும்ப நட்டேன். திரும்பப் பூசினேன்.
அதற்கும் மறுநாள், மறுபடி உடைமரம்.

அடுத்த நாள் முந்திக்கொண்டேன்.
வத்தம். ஓடை தொடையளவு.
இடுப்பில் பறியும் கையில் கொக்கிக் கம்பியுமாய்
மரிய பிரகாசி
என் கம்பத்தைத் தோளில் போட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.
பார்த்தாள். ஒளிக்கவில்லை.

"இந்த மேட்டுக்குக் கீழதான் நண்டு வளை.
நாப்பது இருக்கும்.
ஆள் சத்தம் கேட்டா உள்ளயே கெடந்துக்கும்.
அந்தப் பறவைகளும் எந்திரிச்சிரும்.
ஒங்க ஆளுக நடக்க
இந்தா இம்புட்டுக் கரை கெடக்குல்ல."
கம்பத்தைச் சாய்த்து வைத்து
மஞ்சள் விரல்களைச் சேற்றில் தேய்த்தாள்.
"பெயிண்டையாச்சும் காய விட்டு நடக்கூடாதா?"

மார்கழியில் எது காய்கிறது.

நான் மறுமுனையைப் பிடித்தேன்.
உடைமரத்தடியில்
முழங்கை ஆழம் போதவில்லை என்றாள்;
இன்னும் ஒரு சாண் தோண்டினோம்.
போகும்போது பறியைத் திறந்து
கால் உடைந்த ஒன்றை என் டப்பா மூடிமேல் வைத்தாள்.
லஞ்சமா என்று நான் கேட்கவில்லை.

ரேஞ்சர் வரைபடத்தில் விரல் வைத்துக் கேட்டார்:
இங்கே ஏன் தடம் உள்ளே வாங்குது?
கரை அரிப்பு சார், என்றேன்.
குறித்துக்கொண்டார்.

இப்போது தை. வாடை இறங்குகிறது.
கூலியில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை
சும்மா நடக்க வந்தேன்,
துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு,
என் அம்புகளுக்கு நானே விருந்தாளியாய்.
ஆறு தாண்டி, உடைமரத்தடியில்
ஏழு காட்டிய பக்கமே திரும்பினேன்.
காட்டுக்கு அப்பால்
மூன்று துண்டாய் உடைந்த ஒரு கூவல்.
பவளக்காலிதான்.
நான் எட்டைப் பார்த்து நடந்தேன்.