எக்ஸ்எல் என்றால் அரிசிம்பருப்பு

கம்பெனியில் மீந்த சைஸ் ஸ்டிக்கர் ஒரு சுருள்
செக்கிங் பூவாத்தாள் கொண்டுவந்து கொடுத்தாள்.
எஸ் என்றால் செலவு ரசம்.
எம், கொள்ளு கடைந்தது.
எல், நாட்டுக்கோழிச் சாறு, எலும்பு நீக்கி.
எக்ஸ்எல், அரிசிம்பருப்பு.
டபுள் எக்ஸ்எல் எதற்கென்று
இன்னும் தெரியவில்லை.

டாக்டர் குறித்த தேதிக்குப் பதினோரு நாள்.
கோபியில் அம்மாவின் கொட்டகையில்
சாக்கிப் புழு வந்து இறங்கியிருக்கிறது.
நாலாந்தோல் உரித்து அது எழும் நாளும்
என் தேதியும் ஒன்று.
"எலை போட ஆளில்ல கண்ணு,
ராத்திரியும் திங்கும். கூடு கட்டுனதும்
மொத பஸ்ஸுக்கு வந்தர்றேன்."
சரி என்றேன்.
வைத்த பிறகு போனைக் கொஞ்ச நேரம்
கையிலேயே பிடித்திருந்தேன்.

காங்கேயத்திலிருந்து மாமியார்
வர முடியாததற்கு முழங்காலைச் சொன்னார்.
"பச்ச ஒடம்புக்கு ஐஸுல வெச்சது ஆகாது,
பாலு கட்டிக்கும்."
டப்பாக்களைத் திட்ட
முழங்கால் தேவைப்படவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்துதான் தாளிக்கிறேன்.
வயிறு அடுப்பு மேடையை முட்டுகிறது,
உள்ளிருந்தும் ஒரு முட்டு.
சாயப்பட்டறை நைட் ஷிப்ட் முடித்து
மயில்சாமி சின்ன வெங்காயம் உரிக்கிறான்.
இந்த வாரம் நேவி ப்ளூ நகங்கள்.
நான் பார்ப்பதைப் பார்த்து,
"கழுவியாச்சு, கழுவியாச்சு" என்கிறான்.
செலவுச் சாமான் பொட்டலம் நூற்றிருபது ரூபாய்.
அதற்குச் செலவு என்று பேர் வைத்தவர்
கணக்குத் தெரிந்தவர்.

முப்பத்தாறு டப்பா.
ஐஸ் ட்ரே வைக்கக்கூட இடமில்லை.
ராத்திரி எழுந்து கதவைத் திறந்து
வெறுமனே எண்ணிப் பார்த்துவிட்டுப் படுப்பேன்.

செவ்வாய்க்கிழமை பராமரிப்பு மின்தடை,
ஒன்பது முதல் ஐந்து வரை.
ஐந்துக்கு வரவில்லை.
ஏழுக்கும் வரவில்லை.
ஃப்ரிட்ஜின் காலடியில்
விரல்கடை அகலத்துக்குத் தண்ணீர்.
மொபெட்டில் இரண்டு நடை அடித்து
முக்கு பேக்கரியில் கொண்டுபோய் இறக்கினான்.
அங்கே ஜெனரேட்டர் இருக்கிறது.
சென்னியப்பண்ணன் சர்பத் பாட்டில்களை ஒதுக்கி,
"குல்பி ஓரமா இருக்கட்டுமுங்க,
அதுக்கென்ன பேறுகாலமா?" என்றாராம்.
கண்ணாடிக்கு மேல் எக்கிப் பார்த்த ஒரு பையன்
எக்ஸ்எல் ஐஸ் வேண்டுமென்று அழுதானாம்.
இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான்
ஸ்டூலுக்கடியிலும் தண்ணீர்.
இது ஃப்ரிட்ஜிலிருந்து வந்ததல்ல.

ஒன்பது நாள் முந்திக்கொண்டாள்.

நான்காம் நாள் வீட்டுக்கு வந்தோம்.
பேக்கரி ஷட்டர் இறங்குவதற்குள் ஓடி
ஒரே ஒரு டப்பா எடுத்துவந்தான், எஸ்.
வாணலியில் ரசம் கல்லாகக் கிடந்து
ஓரம் மட்டும் முனகியது.
மூடியில் பனி துடைத்தால் என் எழுத்து:
காரம் கம்மி.
உப்புப் பாத்துப் போட்டுக்க.
யாரைப் போட்டுக்கச் சொன்னேன்?
எழுதியவளுக்கு
பதினோரு நாள் இருப்பதாக நினைப்பு,
இரண்டு கையும் காலியாக இருந்தது.
அவள் கொஞ்சம் உப்பைக் குறைத்துத்தான் விட்டிருந்தாள்.
மயில்சாமி போட்டு, ஆற்றி,
டம்ளரை என் வாயில் வைத்தான்.
மிளகும் பூண்டும் தொண்டையில் இறங்க
காது வரைக்கும் வேர்த்தது.

ஒன்றரை மணிக்கு அம்மா கூப்பிட்டாள்.
"புழு எந்திரிச்சிருச்சு. கேக்குதா?"
போனைத் தட்டுப் பக்கம் நீட்டியிருப்பாள்.
சரசரவென்று, நிற்காமல்,
ஒரு கொட்டகை முழுக்க வாய்கள்.
நான் ஒன்றும் சொல்லாமல்
என் போனை மார்புப் பக்கம் நகர்த்தினேன்.
மூச்சு, விழுங்கல், மூச்சு.
அந்தப் பக்கமும் பேச்சில்லை.
அப்புறம் அம்மா மெதுவாக,
"நீ தின்னியா?" என்றாள்.

முப்பத்தைந்து இருக்கிறது என்றேன்.